அத்தையின் மூச்சு

என் கணவரும் நானும் பழகத் தொடங்கியது ஒரு கதவுச் சத்தத்தால்.

அப்போது நான் கோவையில் ஒரு ஜவுளிக் கடையின் இணையதளத்துக்குச் சேலை வர்ணனை எழுதும் வேலையில் இருந்தேன். வாரம் முழுக்க ‘மென்மையான’, ‘நேர்த்தியான’, ‘விசேஷங்களுக்கு ஏற்ற’ என்று எழுதிச் சலித்துப்போன எனக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கேம்களைப் பற்றி எழுதுவதுதான் ஆறுதல். ஒரு சின்ன தமிழ் இணைய இதழ் அவற்றை வெளியிட்டது. தமிழில் இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் விடாமல் படித்தார்கள்.

ஒரு கேமை நான் பக்கம் பக்கமாகப் புகழ்ந்திருந்தேன். கதை, ஓவியம், இசை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ‘கட்டுரை நெம்ப நல்லா இருந்துச்சுங்க. ஒரே ஒரு வேண்டுகோள். ரெண்டாவது வீட்டுல அந்த மரக்கதவு தொறக்கற சத்தத்தை இன்னொருக்கா கேட்டுப் பாருங்க. அதையும் யாரோ ஒருத்தர் உக்காந்து செஞ்சிருக்காருங்க.’

போய்க் கேட்டேன். கதவு திறக்க யோசிப்பது போல முதலில் லேசாக முனகியது. பிறகு மனமில்லாமல் வழிவிட்டது. அடுத்த கட்டுரையில் அந்தக் கதவுக்கென்று ஒரு பத்தி எழுதினேன். அதற்கு நன்றி சொல்ல அவர் என்னை ஒரு பேக்கரியில் சந்தித்தார். தேங்காய் பன் மேல் கத்தி இறங்கும் சத்தத்தைக் கூட அவர் தலை சாய்த்துக் கேட்டதை அன்றைக்கு வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்த தை மாதத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது.

அவர் வேலை பார்த்தது கோவை கணபதி பகுதியில் ஒரு சின்ன ஒலிக்கூடத்தில். வெளிநாட்டு கேம் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் சத்தங்கள் செய்து கொடுப்பது அவர்களுடைய தொழில். காலடி, வாள், மழை, மூட்டை விழுவது, எலும்பு முறிவது. கீழ்த்தளத்தில் லேத் பட்டறை. அது ஓடும்போது மேலே எதையும் பதிவு செய்ய முடியாது. பட்டறைக்காரர்கள் சாப்பிடப் போகும் நேரத்துக்காக எல்லோரும் காத்திருப்பார்கள். “லேத் நின்னுருச்சுங்க, வாங்க வாங்க” என்று முதலாளியே படிக்கட்டில் நின்று கூப்பிடுவாராம். பட்டறைக்காரர்கள் கை கழுவி வருவதற்குள் ஒரு குதிரைப் படையே ஓடி முடித்திருக்க வேண்டும்.

நான் எந்த கேமை முடித்தாலும் கடைசியில் ஓடும் பெயர்களை முழுதாகப் பார்ப்பேன். எழுதுகிறவளுக்கு அது ஒரு பழக்கம். அவர் வேலை செய்த கேம்களில் சில சமயம் அந்த ஒலிக்கூடத்தின் பெயர் மட்டும் எங்கோ ஓரத்தில் வந்து போகும். ஆட்களின் பெயர் வந்ததே இல்லை.

“உங்களுக்கு ஒண்ணும் தோணாதுங்களா?” என்று கேட்டேன்.

“பேரு வந்தா என்ன அம்மணி, வராட்டி என்ன? சத்தம் வந்துச்சில்ல.” அப்போதெல்லாம் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிறகு அந்தப் பெரிய கேம் வந்தது. பூமிக்கடியில் கைவிடப்பட்ட சுரங்கங்கள். விளையாடுகிறவர் கையில் ஒரு மங்கலான விளக்கு மட்டும். இருட்டில் ஒரு ஜந்து அலைகிறது. கடைசி வரை அதை முழுதாகக் காட்ட மாட்டார்கள். அது பக்கத்தில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா என்பதை அதன் மூச்சை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மூச்சைச் செய்யும் பொறுப்பு இவருக்கு வந்தது. மிருகமாகவும் கேட்கக் கூடாது, மனிதனாகவும் கேட்கக் கூடாது, பயமும் வர வேண்டும், பாவமாகவும் இருக்க வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து சொல்லியிருந்தார்கள்.

எருமை, துருத்தி, கிழிந்த ரப்பர் குழாய் என்று என்னென்னவோ பதிவு செய்து அனுப்பினார். எல்லாம் திரும்பி வந்தன. வீட்டில் குக்கர் விசில் இறங்கும்போது கூட அடுப்படியில் வந்து நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

அவருடைய அம்மா, என் அத்தை, சூலூரில் தனியாக இருந்தார். மாமனார் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அத்தை அடுத்தவர் தறிக்குடோனில் விசைத்தறி ஓட்டித்தான் மகனைப் படிக்க வைத்தார். பஞ்சுத்தூசி அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. வேலையை விடச் சொல்லி டாக்டர் சொன்னதற்குப் பிறகும் நெடுநாள் ஓட்டினார். நாலு எட்டு வேகமாக நடந்தால் இழுப்பு வந்துவிடும். முதலில் மெல்லிய விசில் போல, பிறகு நெஞ்சுக்குள் எதையோ இழுத்துக்கொண்டு போவது போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூலூர் போயிருந்தோம். அத்தை வாசலில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் கையை அப்படியே நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வை எதற்கென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கேட்பதற்கு அவருக்கு வெகுநேரம் ஆனது. கேட்டபோது முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“என்ற இழுப்பப் புடிச்சு என்ன சாமி பண்ணப்போற?” என்றார் அத்தை.

“ஒரு பூதத்துக்கு வேணும்மா.”

“பூதத்துக்கா!” அத்தைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறியது. அடங்கியதும், “பூதத்துக்கும் பஞ்சுத்தூசி ஆகாதாட்ட இருக்குது” என்றார்.

ஜன்னலுக்குப் போர்வை கட்டினோம். மின்விசிறியை நிறுத்தினோம். பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் கிளம்பியது, அது போய் முடியும் வரை மூவரும் வியர்வை வழியக் காத்திருந்தோம். பிறகு அத்தை மைக் முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் போட்டோவுக்கு உட்கார்ந்த பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டார். நான் மைக்கின் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். இவர் ஹெட்போனை அழுத்திப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறைய நேரம் பதிவு செய்தார். கடைசியில் அத்தைதான் பேசினார்.

“போதுமா கண்ணு? இன்னொருக்கா மூச்சு உடட்டுமா?”

“போதும்மா. நீ மருந்து இழுத்துக்க.”

அன்று சாயங்காலம் அத்தை வேலை பார்த்த தறிக்குடோனுக்கும் போய், தறியை நிறுத்தும்போது அது தடதடத்து அடங்கும் சத்தத்தையும் எடுத்துக்கொண்டார். இரண்டையும் சேர்த்து அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. அனுப்பிய மறுநாளே வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது, இதேதான் வேண்டும் என்று. அவர் வீட்டுக்கு வரும்போது அல்வா வாங்கிக்கொண்டு வந்தார்.

கேம் வெளியானது. உலகம் முழுக்க அதைப் பற்றி எழுதினார்கள், எல்லோரும் அந்த மூச்சைப் பற்றி எழுதினார்கள். நான் தேடித் தேடிப் படித்து அவருக்குத் தமிழில் சொன்னேன். ஒரு பெண் எழுதியிருந்தார்: அலமாரிக்குள் ஒளிந்திருந்தபோது அந்த ஜந்து வெளியே நின்று மூச்சு விட்டது, அதற்கு உடம்பு சரியில்லை என்று தோன்றியது, கதவைத் திறந்து தண்ணீர் கொடுக்கலாமா என்று நினைத்தேன். இவர் தோசையைத் திருப்பிப் போட மறந்து நின்றார். “இன்னொருக்கா சொல்லு” என்றார். சொன்னேன். தோசை கருகிவிட்டது.

பெயர்கள் ஓடும் பகுதியை இருவரும் சேர்ந்து பார்த்தோம். சமையல்காரர்கள், வக்கீல்கள், கணக்காளர்கள் எல்லோரும் வந்தார்கள். கேம் உருவான காலத்தில் அந்த நிறுவனத்தில் வேலை செய்தவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்கள் வந்தன. அவர்கள் வளர்த்த நாய்களின் பெயர்கள் கூட வந்தன. கணபதியின் ஒலிக்கூடம் வரவில்லை. வேலை நடுவில் ஒரு நிறுவனம் வழியாகக் கைமாறி வந்திருந்தது, அந்த நிறுவனத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது. திரை கறுத்த பிறகும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

“நாய்க்குட்டிக்கெல்லாம் பேரு போட்டிருக்காங்க, பாத்தியா” என்றார். சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டு ஒலி இயக்குநர் ஒரு பேட்டியில் அந்த மூச்சு எப்படிப் பிறந்தது என்று சொல்லியிருந்தார். பல மாதத் தேடல், ஒரு பழைய நீராவி எஞ்சின், கடைசியில் தன் அறையில் திடீரென்று கிடைத்த ஒரு பொறி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர் மட்டும், “அவரு பொய் சொல்லலீன்னு நெனைக்கறேன். அவருக்குப் போனது நம்பர் போட்ட ஒரு ஃபைலு. அதுக்கு மேல அவரும் வேலை செஞ்சிருப்பாரு. கடைசில எது யாருதுன்னு அவருக்கே தெரியாது” என்றார். இத்தனை பெருந்தன்மை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அது பெருந்தன்மை இல்லை, வலிக்காமல் இருக்க அவர் சொல்லிக்கொண்ட காரணம் என்று பிறகுதான் புரிந்தது.

அந்தக் கேமுக்கு ஒலிக்கான விருது அறிவித்த நாளில் அத்தை எங்கள் வீட்டில் இருந்தார். நெஞ்சு டாக்டரிடம் காட்ட முந்தின நாள் சூலூரிலிருந்து கூட்டி வந்திருந்தோம். அங்கே ராத்திரி என்றால் இங்கே காலை. இட்லித் தட்டுடன் டிவி முன்னால் உட்கார்ந்து விழாவை நேரலையில் பார்த்தோம். விருதுக்கு முன்னால் ஒவ்வொரு கேமிலிருந்தும் ஒரு துண்டு காட்டினார்கள். இருட்டுச் சுரங்கம் வந்தது. பெரிய அரங்கம் முழுக்க அந்த மூச்சு கேட்டது.

அத்தை இட்லியைப் பிய்த்த கையோடு நிமிர்ந்தார். “ஏஞ்சாமி, இது என்ற இழுப்புதான?”

“ஆமாம்மா.”

“இத்தனை பேரு கேக்கறாங்களா!” வெட்கத்தோடு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார், அவர்கள் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது போல.

விருது அந்தக் கேமுக்குத்தான். கோட்டுப் போட்ட ஒரு மனிதர் மேடை ஏறினார், பேட்டி கொடுத்த அதே ஒலி இயக்குநர். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் கண் கலங்கி, மனைவிக்கும் குழந்தைகளுக்கும், உலகெங்கும் உள்ள தன் குழுவினருக்கும் நன்றி சொன்னார்.

“இவரு யாருங்க அம்மணி?” என்று அத்தை என்னிடம் கேட்டார்.

இவர்தான் சொன்னார். “அவருதாம்மா சத்தம் செஞ்சவரு.”

“அப்ப நீயி?”

“நானும் செஞ்சேன்.”

அத்தை டிவியையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். “உன்ன எப்பக் கூப்புடுவாங்க?” என்றார்.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் இதைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. எழுத வேண்டாம் என்று அவர் கெஞ்சினார். ரகசியம் காப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது, வெளியே சொன்னால் ஒலிக்கூடத்துக்கு வேலை வருவது நின்றுவிடும், அங்கே இருக்கிறவர்கள் தெருவுக்கு வருவார்கள் என்றார். கேமின் பெயரும் எங்கள் பெயரும் இல்லாமல், இப்படிப் பெயர் தெரியாமல் வேலை செய்கிறவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள், நீங்கள் பயந்து கேட்ட ஒரு சத்தம் கொங்குநாட்டு வீடு ஒன்றிலிருந்து போனதாக இருக்கலாம் என்று மட்டும் எழுதினேன். அவர் படித்துவிட்டுச் சரி என்றார்.

நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது அதுதான். கீழே எழுதினார்கள்: ‘ஆதாரம் இருக்கா?’ ‘எல்லாத்தையும் நாமதான் கண்டுபிடிச்சோம்னு கிளம்பிருவீங்களே.’ ‘அக்கா, உருட்டுனாலும் ஒரு அளவு வேணும்.’ சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக. என்னை விடாமல் படித்த அந்தக் கொஞ்சம் பேரில் சிலரும் அதில் இருந்தார்கள். ஆசிரியர் போன் செய்து, அடுத்த முறை பெயரோடு ஏதாவது இருந்தால் நல்லது என்று பதமாகச் சொன்னார். அதே இதழில் அடுத்த வாரம் வேறொருவர் அந்தக் கோட்டுக்காரரின் மேதைமையைப் பற்றி எழுதினார். நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

இவர் அந்தக் கருத்துகளையெல்லாம் ஒன்று விடாமல் படித்தார் என்பது பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகு வேலையில் என்ன நடக்கிறது என்று வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் ஒரு நல்ல சத்தம் கிடைத்தால் ஹெட்போனை எடுத்து என் காதில் வைப்பார்.

மழைக்காலத்தில் அத்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதும் மகனைப் பார்த்து, “இதையும் புடிச்சுக்கோ சாமி, பூதத்துக்கு ஆகும்” என்று சைகையும் பேச்சுமாகச் சொன்னார். இவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் தேறியது போல இருந்தது. பிறகு ஒரு மத்தியானம், நான் இளநீர் வாங்கக் கீழே போயிருந்தபோது, அத்தை போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவர் தன் ஹார்டு டிஸ்க்குகளை எல்லாம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் குரல் போனில் இருந்தது, ‘சாப்புட்டயா’, ‘எப்ப வாரீங்க’ என்று அவசர அவசரமாகப் பேசிய துண்டுகள். அவர் தேடியது அதை அல்ல. சூலூரில் போர்வை கட்டிய அந்த அறையில் பதிவு செய்ததை முழுதாகக் கேட்க வேண்டும் என்றார். முன்னால் சிரித்தது, நடுவில் விமானத்தைத் திட்டியது, கடைசியில் போதுமா என்று கேட்டது, எல்லாம் அதில் இருக்கிறது.

“உங்ககிட்ட இருக்குமில்லீங்களா?”

“வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் ஒப்படைச்சுப்போட்டு இங்க அழிச்சுரணும். ஒப்பந்தம் அது. நானே உக்காந்து அழிச்சேன்.”

ஒலிக்கூடத்தின் முதலாளி நல்ல மனிதர். பழைய டிஸ்க்குகளைத் தானே ஒரு நாள் முழுக்கத் தேடினார், எதுவும் மிஞ்சவில்லை. நடுவில் இருந்த நிறுவனத்துக்கு எழுதினார். அவர்கள் வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதினார்கள். தாய் இறந்துவிட்டார், அந்தப் பதிவின் ஒரு பிரதி மட்டும் வேண்டும், யாருக்கும் தர மாட்டோம், எங்கும் பயன்படுத்த மாட்டோம் என்று இவர் எழுதிய வரிகளை நான்தான் ஆங்கிலத்தில் திருத்திக் கொடுத்தேன். பதில் மரியாதையாக வந்தது. ஆழ்ந்த அனுதாபங்கள், ஆனால் கேமுக்காகச் செய்யப்பட்ட எல்லாமே நிறுவனத்தின் சொத்து, பகிர இயலாது. அதை எழுதியவருக்கு அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்காது. கேட்டுப் பார்த்திருந்தாலும் புரிந்திருக்காது, அதில் இருப்பது தமிழ்.

கொஞ்ச நாளில் அவர் ஒலிக்கூடத்தை விட்டுவிட்டார். இப்போது வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சேர்க்கிறார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அது தப்பாகப் போகும் என்று அப்போது தோன்றவில்லை. கேம் இன்னும் எங்கள் கணினியில் இருந்தது. சுரங்கத்தில் ஒரு இடத்தில், துருப்பிடித்த அலமாரிக்குள் ஒளிந்துகொண்டால் அந்த ஜந்து வெளியே வந்து நிற்கும். நாம் அசையாமல் இருக்கும் வரை அதுவும் போகாது, மூச்சு விட்டுக்கொண்டே நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்கி எழுவதற்குள் அந்த இடம் வரை விளையாடி வைத்தேன். அவர் வந்ததும், “ஏனுங்க, இங்க கொஞ்சம் உக்காருங்க” என்று ஹெட்போனைக் கொடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திரையில் அலமாரிக் கதவின் இடுக்கு, அதற்கு வெளியே ஒரு நிழல். அவர் முகம் முதலில் இளகியது. எனக்கு அழுகை வந்தது, நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு புருவம் சுருங்கியது. தலையைச் சாய்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இது அம்மா இல்ல, அம்மணி.”

“அத்தைதானுங்களே. நான் பக்கத்துல நின்னு பாத்தேனே.”

“அம்மா மூணு மூச்சு இழுத்தா ஒருக்கா நிறுத்துவாங்க. நெஞ்சுல கை வெச்சுட்டு சும்மா இருப்பாங்க. அப்பறந்தான் அடுத்த மூச்சு. இதுல அந்த நிறுத்தம் இல்ல. ஒரே மூச்சு திரும்பத் திரும்ப ஓடுது.”

“அவங்க வெட்டிட்டாங்களா?”

“நிறுத்தம் வந்தா பயம் கொறையுதுன்னு சொன்னாங்க.” அவர் தன் கைகளைப் பார்த்தார். “நாந்தான் வெட்டிக் குடுத்தேன்.”

நான் அவர் தோளைத் தொட்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரையில் அந்த நிழல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. நான் போய்க் கணினியை அணைத்தேன்.

அதற்கடுத்த மாதம் ஒரு பெரிய கல்யாண வேலை வந்தது. கணினியில் இடம் போதவில்லை. பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அந்தக் கேமின் பெயர் வந்ததும் நிறுத்தி, அறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

“இது நெம்ப எடத்தப் புடிக்குது. அழிச்சுப்போடட்டுமா?”

சரிங்க என்றேன்.

அவர் பொத்தானை அழுத்திவிட்டு, அது அழிந்து முடியும் வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து கல்யாண வீடியோவைத் திறந்தார். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அம்மா விசும்பும் இடம் வந்தது. மேளச் சத்தத்தில் அது அமுங்கியிருந்தது. அவர் மேளத்தைக் குறைத்து, அந்த அம்மாவின் மூச்சைக் கொஞ்சம் ஏற்றி வைத்தார்.